கடல் வருமானமும் வரிக் கணக்கும்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லோ வாழையோ பயிரிடுபவரின் வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அதே திருநெல்வேலி மாவட்டத்தின் உவரிக் கரையில் வள்ளம் இறக்குபவருக்கு அந்த விலக்கு இல்லை. கடலில் பிடித்த மீன் சட்டத்தின் கண்ணில் தொழில் வருமானம். 1961 ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த வேறுபாடு அப்படியே நின்றது. மழையை நம்புகிறவருக்குள்ள சலுகை காற்றையும் நீரோட்டத்தையும் நம்புகிறவருக்கு இல்லாதது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் சட்டம் இப்படி இருக்கும்வரை, வரிக் கணக்கு தாக்கல் செய்வதைச் சுமையாக மட்டும் பார்த்து ஒதுங்கும் மீனவர் தன் உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

'வரி கட்டுமளவுக்கு எங்களுக்கு ஏது வருமானம்?' என்பார்கள். வரி ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. வலை, இயந்திரம் ஆகியவற்றின் விலையிலேயே ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. பச்சை மீனுக்கு அந்த வரி இல்லாததால், கொடுத்ததை ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய பணத்தைத் தாய் தன் பெயரில் வைப்புநிதியாகப் போட்டிருந்து, வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். மொத்த வருமானம் வரி விதிப்பு வரம்புக்குள் இருப்பவர் முன்கூட்டியே உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பிடித்தபின் திரும்பப் பெற, கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். உரிய காலத்தில் செய்தால் அந்தத் தொகைக்கு மாதம் அரை சதவீத வட்டியும் உண்டு.

கரையில் ஏலம், கையில் ரொக்கம், செலவு போகப் பங்கு என்று நடக்கும் தொழிலில் கணக்கேடு எங்கே என்பது வலுவான ஆட்சேபம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். விரிவான கணக்கேடு வேண்டாம். ரொக்கமாக 30 லட்சத்துக்கு மீன் விற்ற வள்ளக்காரரின் வருமானம் 2 லட்சத்து 40 ஆயிரம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையின் 4 லட்ச வரம்புக்குள் அது அடங்கிவிடும், வரி இல்லை. ஆனால் அவர் கையில் ஓர் ஆவணம் இருக்கும். வங்கிக் கடன் கேட்கும்போது அதற்கு மதிப்புண்டு. முன்பணம் தந்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட அது ஒரு வழி. தாக்கல் செய்தால் வருமான வரித் துறையின் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற பயமும் வீண். வட்டி விவரத்தை வங்கியே தெரிவித்துவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 13 அன்று வெளியான வரி செலுத்துவோர் சாசனத்தில் வருமான வரித் துறை 14 உறுதிகளைத் தந்தது: மரியாதையாக நடத்துவது, நேர்மையானவர் என்றே கருதுவது, முழுமையான தகவல் தருவது, மேல்முறையீட்டுக்கு வழி செய்வது போன்றவை. பதிலுக்கு 6 கடமைகளை எதிர்பார்க்கிறது. சட்டத்தை அறிந்திருப்பதும், உரிய நேரத்தில் பதில் தருவதும் அவற்றில் அடக்கம். உவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது? கெடு ஓடிக்கொண்டிருக்க, படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. குறை கேட்பதற்கென இருந்த வருமான வரி ஆம்புட்ஸ்மேன் பதவியும் 2019இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. முழுமையான தகவல் என்ற உறுதிக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், தமிழ்நாட்டுக்கு வரும் ஒவ்வொரு நோட்டீஸும் தமிழிலும் வர வேண்டும். பதில் தருவதற்கான கெடுவும் அந்தத் தமிழ்ப் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.