கிராஷ் கார்டு காப்பது எதை?

சைடு ஸ்டாண்டு சரியாக ஊன்றாமல், 180 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கவாட்டில் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே இறங்கும். தரையில் வந்து இறங்கும் ஆற்றல் சுமார் 500 ஜூல். கிளட்ச் லீவரை ஒடிக்கவும் பெட்ரோல் டேங்கை நசுக்கவும் இது போதும். அதே வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 17,000 ஜூலுக்கு மேல். முன்னதைப் போல ஏறத்தாழ 35 மடங்கு!

கிராஷ் கார்டு வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வண்டி சாயும்போதும் சறுக்கும்போதும் வரும் அடியைத் தாங்கத்தான் கார்டு செய்யப்படுகிறது. வேகமான மோதலின் ஆற்றலை ஓர் இரும்புக் குழாய் தனியாகத் தாங்கிவிடாது.

தன் அளவுக்குள் அது செய்யும் வேலை பெரியது. கார்டு உள்ள வண்டி தரையோடு தரையாகப் படுத்துவிடாது. டயர்களும் கார்டும் தாங்க, சற்றே சாய்ந்த நிலையில் நிற்கும். தூக்கி நிறுத்துவது எளிது. சறுக்கும்போது தார்ச் சாலையில் தேய்வது அலுமினிய இன்ஜின் மூடியல்ல, கார்டின் இரும்பு. மூடி உடைந்து ஆயில் கொட்டிவிட்டால் வண்டியை அங்கிருந்து ஓட்டிவர முடியாது. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதே கார்டின் முதல் கடமை.

காலுக்குப் பாதுகாப்பா?

நம் ஊரில் இதற்கு ‘லெக் கார்டு’ என்றும் பெயர் உண்டு. ஆனால் காலை இது எந்த அளவுக்குக் காக்கும்? அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹ்யூ ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. கார்டு இருந்த வண்டிகளில் கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைந்திருந்தது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகிய இடங்களில் காயம் கூடியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்து, காயத்தைத் தடுக்கும் சாதனமாகக் கார்டு பயன்தரவில்லை என்று அந்தக் குழு முடிவு சொன்னது. கார்டு வண்டிக்கான காப்பு. காலுக்குத் தனிக் காப்பு வேண்டும்.

குழாய் ஏன்?

கார்டை ஏன் கெட்டிக் கம்பியில் செய்வதில்லை? 25 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவர்த் தடிமனும் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். அதே இரும்பை அதே நீளத்தில் கெட்டிக் கம்பியாக்கினால் விட்டம் சுமார் 13.5 மில்லிமீட்டர்தான் வரும். எடை ஒன்றே, ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு குழாய்க்கு ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். வளையும்போது பெருஞ்சுமையைத் தாங்குவது வெளிவிளிம்பில் உள்ள உலோகம். குழாயில் எல்லா உலோகமும் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக மிதமிஞ்சிய தடிமனும் நல்லதல்ல. கார்டு வளையாவிட்டால் அடி முழுவதும் ஃபிரேமுக்குப் போகும். வளைந்த கார்டை மாற்றிவிடலாம். ஃபிரேம் வளைந்தால் செலவு பல மடங்கு.

போல்ட்டில் இருக்கிறது சூட்சுமம்

எவ்வளவு நல்ல குழாயானாலும் அதைப் பிடித்து நிறுத்துவது நான்கைந்து போல்ட்கள்தாம். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், அது சுமார் ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையோடு இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. அந்த இழுப்பில் 50 மில்லிமீட்டர் நீளப் போல்ட் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீள்கிறது. பிடிமானம் முழுவதும் இந்த நுண்ணிய நீட்சியில்தான் இருக்கிறது. போல்ட் தலைக்கு அடியில் உள்ள பெயின்ட் 0.05 மில்லிமீட்டர் அமுங்கினாலும் பிடிமானத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும். புதிதாக மாட்டிய கார்டு சில நாட்களில் தளர்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அதிர்வு. பாகங்கள் பக்கவாட்டில் துளி வழுக்கினாலும் போல்ட் தானாகவே கழலத் தொடங்கும் என்பதை 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையில் காட்டினார். ‘ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறதே’ என்று பலரும் நம்புகிறார்கள். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிவிடுகிறது, அதன்பின் பூட்டும் திறன் அதற்கு இல்லை என்று நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. சரியான முறுக்கும், மரையில் ஒரு துளி நீல நிற திரெட் லாக்கர் பசையும்தான் நம்பத்தக்கவை.

வீட்டில் மாட்டும் முறை

இன்ஜின் ஆறிய பிறகு, சமதளத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பல கார்டுகள் இன்ஜினைத் தாங்கும் போல்ட்களோடு சேர்த்தே மாட்டப்படுகின்றன. அப்படியானால் இன்ஜினுக்கு அடியில் மரப்பலகை வைத்து, ஜாக்கியால் லேசாக முட்டுக்கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டைத்தான் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் உருவிவிட்டால் இன்ஜின் சற்றே இறங்கி, துளைகள் ஒன்றுக்கொன்று நேராக அமையாது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாமல், கார்டோடு வரும் நீளமான போல்ட்டைப் பயன்படுத்துங்கள். அதன் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே திருகுங்கள். கோணலாக ஏறிய போல்ட்டை ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினியத்தில் மரை போய்விடும். எல்லாப் போல்ட்களையும் தளர்வாக மாட்டி, கார்டு இயல்பாகப் பொருந்திய பிறகே இறுக்கத் தொடங்குங்கள். நெம்பி உட்காரவைத்த கார்டில் அழுத்தம் தங்கிவிடும். பின்னாளில் வெல்டிங்கில் விரிசல் விடும். துளை பொருந்தவில்லை என்று ஃபிரேமில் டிரில் போடவே கூடாது. அது உங்கள் மாடலுக்கான கார்டு அல்ல.

கடைசி இறுக்கத்துக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மீதி உராய்வுக்குப் போய்விடுகிறது. மரையில் ஆயில் பட்டால் உராய்வு குறைந்து, அதே அளவிலேயே போல்ட் மிகையாக இழுபட்டு முறியலாம்.

பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முன்பக்க ஃபோர்க்கை அழுத்தி, மட்கார்டு இடிக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் பெடலுக்கும் கியர் லீவருக்கும் தடையில்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். போல்ட் கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் அதே அளவில் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதியுங்கள். போல்ட் நகர்ந்தால், கழற்றிச் சுத்தம் செய்து, புதிதாகத் திரெட் லாக்கர் இட்டு மாட்டுங்கள். ஒருமுறை விழுந்து எழுந்த வண்டியில் போல்ட்களை மாற்றிவிடுவதே சரி.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அனுமதியின்றி வாகனங்களில் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அது சுட்டிக்காட்டியது. ஆகவே வண்டி நிறுவனமே உங்கள் மாடலுக்கென விற்கும் கார்டை வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் வாங்குங்கள். கார்டு அவற்றுக்கு அடுத்ததாக வரட்டும்.