மருதோன்றி: வேலியோரச் செடியும் கடைத்தெருக் கூம்பும்

ஊரில் நம் வீட்டு வேலியோரம் நின்ற மருதாணிச் செடி நினைவிருக்கிறதா? இரவு உணவு முடிந்தபின் பாட்டி அம்மியில் அரைத்துத் தந்த பச்சை விழுதை உள்ளங்கையில் அப்பிக்கொண்டு, அசையாமல் உறங்க முயன்ற பிள்ளைகள் இன்று மும்பையிலும் டில்லியிலும் சூரத்திலும் பெற்றோராயிருக்கிறோம். நம் பிள்ளைகளோ மருதாணியைக் கடைத்தெருவில் விற்கும் மெஹந்திக் கூம்பாகவே அறிவார்கள். செடிக்கும் கூம்புக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருப்பது அவசியம்.

வேதத்தில் காணும் செடி

மருதாணிக்கு மருதோன்றி, அழவணம் என்ற பெயர்களும் உண்டு. தாவரவியலார் இதனை லாசோனியா இனெர்மிஸ் என்பர். 2 முதல் 6 மீட்டர் வரை வளரும் புதர்ச்செடி இது. சிறிய வெண்ணிறப் பூக்கள் கொத்தாய்ப் பூத்து நறுமணம் வீசும். உன்னதப்பாட்டு 1:14-இல் கூறப்படும் எங்கேதி, சவக்கடலின் மேற்குக் கரையிலுள்ள நீரூற்றுப் பகுதியாகும். 4:13-இல் மாதுளையும் மருதோன்றியும் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. இன்றைய தாவரவியலும் அவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருப்பது வியப்புக்குரியது.

நம் நாட்டில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்குப் பெயர்பெற்றது. சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

சிவப்பது எவ்வாறு?

இலையிலுள்ள லாசோன் என்னும் பொருள் தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு இணைகிறது. விழுதைக் கழுவியதும் ஆரஞ்சு நிறமே தெரியும். ஓரிரு நாளில் அது செம்பழுப்பாகிறது. மேல்தோல் உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறைந்துவிடும். நரைமுடிக்குச் சாயமாகவும், பாதவெடிப்புக்குப் பூச்சாகவும் நம் முன்னோர் இதனைப் பயன்படுத்தினர்.

கறுப்பு மருதாணி என்னும் கண்ணி

அலங்காரத்தைக் குறித்து ஒவ்வொரு சபையும் தனக்குரிய ஒழுங்கைக் கைக்கொள்கிறது. இங்கு நாம் பேசுவது தோலின் நலத்தைப் பற்றியே. இயற்கை மருதாணி ஒருபோதும் சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிப்பதில்லை. "அரைமணியில் கருகருவென்று பிடிக்கும்" என்று விற்கப்படும் கூம்புகளில் பாராபினைலின்டயமின் என்ற தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் இதனைத் தலைச்சாயத்தில் 2 சதவீதம் வரை மட்டுமே அனுமதிக்கிறது; தோலில் பூச அனுமதிப்பதில்லை.

இதனால் சில நாட்கள் கழித்துக்கூட அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம், வடுவும் தங்கலாம். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. இவ்வொவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பத்து வயதில் கையில் வரைந்த கோலம், நாற்பது வயதில் தலைச்சாயம் பூசும்போது முகமெல்லாம் வீங்கச் செய்யலாம். கொப்புளம் கண்டால் உடனே கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள்.

தூய மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாயுள்ள குழந்தைகளுக்கு இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையை உண்டாக்கும். ஆகவே கைக்குழந்தைகளுக்கு இடாதிருப்பதே நலம்.

மாடியில் வளர்க்கலாம்

மழை தொடங்கியதும், பென்சில் பருமனுள்ள கிளையை ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். விதையெனில் அது கடுகிலும் சிறியது, தோலும் கடினமானது. சில நாட்கள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மணலோடு கலந்து தூவுங்கள்.

வேர்பிடித்த செடியை ஓர் அடி அகலத் தொட்டிக்கு மாற்றி, நல்ல வெயிலில் வையுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். வடநாட்டுக் குளிரில் இலை உதிர்ந்தால் பட்டுப்போனதென்று பிடுங்கிவிடாதீர்கள்; வெயில் திரும்பியதும் துளிர்க்கும். அவ்வப்போது கத்தரித்தால் கிளைகள் பெருகும். இலைகளை நிழலில் உலர்த்திப் பொடித்து, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைத்துச் சில மணிநேரம் வைத்தால் நிறம் நன்றாய் இறங்கும்.

ஒரு தொட்டி மண்ணும் ஒரு சாண் கிளையும் போதும். அடுத்த முறை பிள்ளை மருதாணி கேட்கும்போது, கடைத்தெருவுக்கு அல்ல, மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.