வில்லின் மரையாணிகள்: பராமரிப்பும் பழுது காணலும்

பயிற்சிக் களத்தில் நேற்று வரை இலக்கின் நடுவில் அம்பெய்த மாணவர் இன்று தொடர்ந்து தாழ எய்கிறார். ஆசிரியர் அவருடைய நிற்கும் நிலையையும் தோளையும் விரற்பிடியையும் திருத்த முற்படுகிறார். ஆனால் குறை வில்லில் இருத்தலும் கூடும். வில்லின் மரையாணி, அதாவது போல்ட்டு, சிறிது தளர்ந்தாலும் அம்பு விழும் இடம் மாறும். ஆதலின் மாணவரைத் திருத்துமுன் வில்லை அளந்து பார்ப்பதே முறையாகும்.

அமைப்பும் இயக்கமும்

1972-ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றது முதல் அப்போட்டியில் கையாளப்பட்டு வருவது, நுனி வளைந்த ரிகர்வ் வில். பயிற்சிக் களங்களில் வழங்கும் இவ்வகை வில்களுள் பெரும்பாலானவை மூன்று உறுப்புகளாகப் பிரிக்கத்தக்கவை. நடுவே கைப்பிடி, அதன் மேலும் கீழும் லிம்ப் எனப்படும் வளைதகடுகள். ஒவ்வொரு தகட்டின் அடியையும் கைப்பிடியில் நிலைநிறுத்துவது ஒரு மரையாணி.

நாண் ஏற்றியதும் தகட்டின் நுனி வில்லாளரை நோக்கி இழுபடுகிறது. தகடு கைப்பிடியின் விளிம்பில் ஊன்றி நெம்புகோலைப் போல் இயங்குவதால், அதன் அடிமுனை எதிர்ப்புறமாக எழ முயல்கிறது. அதனைத் தடுப்பது மரையாணியின் தலை. ஊன்றுமிடத்திலிருந்து தகட்டின் நுனி தொலைவிலும், மரையாணி மிக அருகிலும் உள்ளன. எனவே நாணின் இழுப்பைப் போல் பல மடங்கு விசையை அச்சிறிய மரையாணி தாங்குகிறது.

இருவகை மரையாணிகள்

மரக் கைப்பிடி கொண்ட தொடக்கநிலை வில்களில் மரையாணி தகட்டின் துளை வழியே செல்கிறது. அதன் பணி பிணைப்பது ஒன்றே. தகடு ஆடாதபடி அது முழுமையாக முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

உலோகக் கைப்பிடி வில்களின் நிலை வேறு. ஹாய்ட் நிறுவனம் 1980-களில் புகுத்திய ஐ.எல்.எப். இணைப்பு முறையை இன்று பல நாட்டுத் தயாரிப்பாளரும் பின்பற்றுகின்றனர். இதில் தகட்டின் அடியிலுள்ள திறந்த பிளவு, மரையாணித் தலையின் கீழ் செருகப்படுகிறது. வில்லைப் பிரிக்கும்போது மரையாணியைக் கழற்றத் தேவையில்லை. மரையாணியை உட்செலுத்தினால் இழுவிசை கூடும், வெளிக்கொணர்ந்தால் குறையும். இம்மாற்றம் பொதுவாக ஏறக்குறைய 10 விழுக்காடு. அதாவது 30 பவுண்டு வில்லில் 3 பவுண்டு அளவு.

ஒரு வகையில் பழகியவர் மற்றதையும் அவ்வாறே கையாளுவதால் விபத்து நேரக்கூடும். மரக் கைப்பிடி வில்லின் மரையாணியைத் தளர்த்தி இழுவிசையைக் குறைக்க முயலுதல் பெரும் பிழையாகும்.

அளக்கும் முறை

நாண் ஏற்றிய வில்லில் மூன்று அளவுகள் எடுக்கப்பட வேண்டும். மேல்தகடு கைப்பிடியைச் சேரும் இடத்திலிருந்து நாண் வரை செங்குத்தாக அளப்பது முதலாவது. கீழ்த்தகட்டில் அவ்வாறே அளப்பது இரண்டாவது. கைப்பிடியின் ஆழமான பகுதிக்கும் நாணுக்கும் இடையிலான தொலைவு மூன்றாவது.

முதலிரண்டு அளவுகளின் வேறுபாடு டில்லர் எனப்படும். விரல்கள் நாணைப் பிடிக்கும் இடம் வில்லின் நடுவிற்குச் சற்று மேலே அமைவதால், மேல்தகட்டின் அளவு சில மில்லிமீட்டர் மிகுதியாக இருப்பது வழக்கம். மேல் மரையாணி மட்டும் தளர்ந்தால் இவ்வேறுபாடு பெருகும். இரண்டும் ஒரே அளவு தளர்ந்தால் வேறுபாடு மாறுவதில்லை. ஆனால் இழுவிசை குறைந்து அம்பு தாழ விழும். எனவே வேறுபாட்டை மட்டும் குறித்தல் போதாது. மூன்று அளவுகளையும் எழுதி வைத்தல் அவசியம்.

சரிசெய்யும் முறை

முதலில் நாணை இறக்க வேண்டும். பின்னர் பூட்டுத் திருகைத் தளர்த்த வேண்டும். பூட்டியிருக்கும் மரையாணியை வலிந்து திருப்பினால் மரை சிதையும். இழுவிசையை மாற்ற வேண்டின் இரு மரையாணிகளையும் சம அளவில், அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புக. பின் பூட்டுத் திருகை அளவாக இறுக்கி, நாண் ஏற்றி, மீண்டும் அளக்கவும். மரையாணிகளை உட்செலுத்தியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைத்தொலைவு குறையும். நாணைச் சில முறுக்குகள் கூட்டி அதனை ஈடுசெய்யலாம்.

காணப்படும் பழுதுகள்

அளவு அடிக்கடி மாறுதல்: பூட்டுத் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது மரை தேய்ந்திருக்கலாம். மரை தேய்ந்த வில்லைப் பயன்பாட்டிலிருந்து நீக்குக.

நாண் இழுக்கையில் கிறீச்சொலி: மரையாணித் தலையும் தகடும் உராயும் இடத்தில் மணல் சேர்ந்திருக்கக் கூடும். நாணை இறக்கி, தகட்டைக் கழற்றி, அவ்விடத்தை உலர்ந்த துணியால் துடைக்கவும். தகட்டில் விரிசல் தென்பட்டால் அதனைக் கைவிட வேண்டும்.

மரையாணி திரும்பாமை: அலுமினியக் கைப்பிடியில் எஃகு மரையாணி ஈரத்தினால் அரிக்கப்பட்டு இறுகிவிடும். மழையில் நனைந்த வில்லை அன்றே துடைத்து உலர்த்துதலும், மரையைத் தூய்மை செய்து மெல்லிய கிரீஸ் பூச்சு இடுதலும் இதனைத் தவிர்க்கும்.

எச்சரிக்கை

தயாரிப்பாளரின் கையேடு குறிக்கும் எல்லைக்கு மேல் மரையாணியை வெளிக்கொணர்தல் எந்நிலையிலும் கூடாது. கைப்பிடியைப் பற்றும் மரைகள் குறைந்தால், இழுவிசை முழுமையாக உள்ள வேளையில் மரையாணி பிடுங்கிக்கொள்ளும். தகடு தெறித்தால் மாணவரின் முகமும் கண்ணும் அதன் பாதையிலேயே உள்ளன.

பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் ஒரு வில் பல கைகளில் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு வில்லுக்கும் எண் இட்டு, அதன் மூன்று அளவுகளையும், மரையாணி திருப்பப்பட்ட நாளையும், திருப்பியவர் பெயரையும் ஒரு பதிவேட்டில் குறித்து வருதல் நன்று. பயிற்சிக்கு முன் சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை மாணவரை விபத்தினின்றும் காக்கும். அவர் செய்யாத தவற்றுக்கு அவரைத் திருத்தும் வீண் உழைப்பினின்று ஆசிரியரையும் காக்கும்.