ஒரே ஆலை, ஒரே வால்வு

காரில் திடீரென பிரேக் போடும்போது பின்சக்கரங்கள் இறுகி வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ள, கைக்குள் அடங்கும் ஒரு வால்வு உண்டு. விலை அற்பம். ஆனால் அதன் துளைகளைத் துளியும் பிசகாமல் குடைய வேண்டும். அதற்கென்றே தனி இயந்திரங்களை வைத்திருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் காரியா ஆலையிலிருந்தே டொயோட்டா தன் வால்வுகள் ஏறக்குறைய அனைத்தையும் வாங்கியது. ஒரே இடத்தில் செய்தால் செலவும் குறைவு, தரமும் சீர்.

1997 பிப்ரவரி 1 அதிகாலை அந்த ஆலை எரிந்தது. தேவைப்படும்போது மட்டும் பொருளை வரவழைப்பது டொயோட்டாவின் வழக்கம். கையில் இருந்த வால்வுகள் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். சில நாட்களுக்குள் ஜப்பானில் அதன் கார் உற்பத்தி கிட்டத்தட்ட முழுவதுமாக நின்றது.

மீண்டெழுந்த விதம்தான் வியப்பானது. ஐசின் தன் வரைபடங்களை எந்த ஒளிவுமறைவுமின்றிப் பிற நிறுவனங்களுக்கு அனுப்பியது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டவை, சாதாரணக் கடைசல், துளையிடும் இயந்திரங்களைக் கொண்டே வால்வு செய்ய இறங்கின. யாரும் முதலில் விலை பேசவில்லை. மூன்றே நாளில் முதல் வால்வுகள் வந்தன. ஓரிரு வாரத்தில் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியது. நெடுநாள் தொழில் உறவுகளும் இந்த வேகத்துக்குக் கைகொடுத்தன.

கண்ணுக்குத் தெரிந்த சார்பைச் சமாளிக்கலாம், தெரியாததுதான் ஆபத்து. 2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை முடங்கியபோது இது புலப்பட்டது. ஒரே பாகத்தைப் பல சப்ளையர்களிடம் வாங்கியதால் பாதுகாப்பாக இருப்பதாக டொயோட்டா நம்பியிருந்தது. ஆனால் அவர்களில் பலரும் மூலப்பொருளுக்கோ சிப்புக்கோ அடுத்த படியில் ஒரே ஆலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

அதன்பின் சப்ளையருக்குச் சப்ளையர் யார், ஆலை எங்கே என்பதை டொயோட்டா படிப்படியாகத் திரட்டியது. கையிருப்பிலும் பாகத்துக்குப் பாகம் வேறுபாடு காட்டியது. இடத்தை அடைக்கும் இருக்கைகளைக் குவித்து வைப்பது வீண். சிப்போ சிறியது, புதிதாகச் செய்துவரப் பல மாதமாகும். எனவே சிப்பை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்கு வைத்திருக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டது.

2021இன் தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது இதனால்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி உதிரிபாக ஆலைகள் முடங்கியதும், செப்டம்பர் மாதத் திட்டத்தில் 40 சதவீதத்தை அதுவும் வெட்ட நேர்ந்தது.