மறுசுழற்சி மேடைப்பரப்பு

மறுசுழற்சி மேடைப்பரப்பு என்பது உடைந்த கண்ணாடி, சலவைக்கல் துண்டு, பீங்கான் ஓடு, பழைய தாள் போன்ற கழிவுப்பொருட்களை ஒரு பிணைபொருளால் இறுக்கிச் செய்யப்படும் பரப்பு ஆகும். சமையல் மேடை, கைகழுவும் தொட்டியைச் சூழ்ந்த பலகை, கடைகளின் மேடை ஆகியவற்றில் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்த மொசைக், இவ்வகையில் மிகவும் அறியப்பட்டதாகும். இப்பரப்பின் உறுதியும் அதனால் விளையும் தீங்கும், சேர்க்கப்பட்ட கழிவை மட்டுமன்றி, அதைப் பிணைக்கும் பொருளையும் அறுத்து அரைக்கும் முறையையும் பொறுத்து அமைகின்றன.

வரலாறு

சலவைக்கல் வெட்டும்போது எஞ்சிய துண்டுகளைச் சாந்தில் பதித்து, தேய்த்து மெருகேற்றும் முறை இத்தாலியின் வெனிசுப் பகுதியில் வளர்ந்தது. இது டெராசோ எனப்படுகிறது. இம்முறையே தமிழ்நாட்டில் மொசைக் என்ற பெயரில் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் தரைகளிலும் படிக்கட்டுகளிலும் மேடைகளிலும் மொசைக் இடம்பெற்றது. பின்னர் கிரானைட் பலகைகளும் விட்ரிஃபைட் ஓடுகளும் பரவியதால் இதன் பயன்பாடு குறைந்தது. உடைந்த பீங்கான் ஓடுகளை மொட்டை மாடியில் பதித்து வெயிலைத் தணிக்கும் வழக்கமும் இதனோடு தொடர்புடையது.

வகைகள்

பிணைபொருளைக் கொண்டு இப்பரப்புகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- சிமெண்ட் வகை: சலவைக்கல் சில்லுகள் அல்லது கண்ணாடித் துண்டுகள் சிமெண்ட்டால் பிணைக்கப்படுகின்றன. மொசைக் இவ்வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கின் ஐஸ்ஸ்டோன் நிறுவனம் மறுசுழற்சிக் கண்ணாடியைக் கொண்டு இத்தகைய பலகைகளைச் செய்து விற்றது.
- பிசின் வகை: கல் அல்லது கண்ணாடித் துகள்கள் பாலியெஸ்டர் போன்ற பிசினுடன் கலந்து அழுத்தப்படுகின்றன. செயற்கைக் குவார்ட்சுப் பலகைகள் இவ்வாறு உருவாக்கப்படுகின்றன.
- தாள் வகை: தாள் அடுக்குகள் பீனாலிக் பிசினில் ஊறவைக்கப்பட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கெட்டிப் பலகையாக்கப்படுகின்றன. மரம் அறுக்கும் கருவிகளைக் கொண்டே இதை அறுக்கலாம்.
- நெகிழி வகை: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், நெகிழிக் கழிவையும் கல்லையும் சேர்த்துப் பிளாஸ்டோன் என்னும் கட்டியை உருவாக்கினார். நெகிழிச் சாலைத் தொழில்நுட்பத்துக்காக அறியப்பட்ட இவருக்கு 2018இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பிளாஸ்டோன் நடைபாதை போன்றவற்றுக்கு உரியது. நெகிழி வெப்பத்தில் இளகுவதால் அடுப்பருகே இவ்வகை பொருந்தாது.

செய்முறை

மொசைக் மேடை பெரும்பாலும் அமையவேண்டிய இடத்திலேயே வார்க்கப்படுகிறது. கம்பி இட்ட கான்கிரீட் பலகையின் மேல் அடிச்சாந்து இடப்பட்டு, அது முற்றும் உலருமுன் சில்லுக் கலவை பரப்பப்படுகிறது. இம்மேலடுக்கு சில்லுகளின் அளவுக்கேற்ப 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை தடிப்புடையது. மூன்று பங்கு சிமெண்ட்டுக்கு ஒரு பங்கு சலவைக்கல் தூள் என்ற எடை அளவில் கலந்து, அக்கலவை ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் பங்கு சில்லு என்ற கன அளவில் சேர்ப்பது வழக்கம். வெளிர்நிறம் வேண்டின் வெள்ளைச் சிமெண்ட் பயன்படுத்தப்படும். மொசைக் தரை இடும் முறைக்கு இந்தியத் தர அமைவனம் ஐ.எஸ். 2114 என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டுள்ளது.

பரப்பு இறுகும்வரை அதனை ஈரமாக வைத்திருக்க வேண்டும். பின்னர் 60, 120, 320 என முறையே நுண்மை கூடிய கார்போரண்டம் கற்களால் நீர் விட்டு அரைக்கப்படுகிறது. ஒவ்வோர் அரைப்புக்கும் இடையே, தென்படும் சிறு துளைகள் சிமெண்ட் பாலால் அடைக்கப்படும். இறுதியில் ஆக்சாலிக் அமிலத்தூள் கொண்டு மெருகேற்றப்படும்.

தொட்டிக்கான திறப்பை வார்க்கும்போதே அச்சுவைத்து விட்டுவிடுவது நல்லது. திறப்பின் உள்மூலைகள் கூர்மையாக இருந்தால் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். எனவே மூலைகளை வளைவாக்கி, அங்கே கூடுதல் கம்பி இடுகின்றனர்.

கண்ணாடித் துண்டுகளும் கார வினையும்

சலவைக்கல்லுக்கு மாற்றாகக் கண்ணாடியைச் சிமெண்ட்டில் சேர்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கண்ணாடியில் உள்ள சிலிக்கா, சிமெண்ட்டின் காரத்துடன் ஈரத்தில் வினைபுரிந்து கூழ் போன்ற பொருளாகிறது. இக்கூழ் நீரை உறிஞ்சி உப்புவதால் பலகை உள்ளிருந்தே வெடிக்கிறது. கான்கிரீட்டில் நிகழும் இவ்வினையைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த தாமசு இசுட்டாண்டன் 1940இல் விளக்கினார். வினை மெதுவாக நிகழ்வதால், செய்த நாளில் குறையற்றுத் தோன்றும் பலகை சில ஆண்டுகள் கழித்தும் பழுதாகக்கூடும். தொட்டியருகே எப்போதும் ஈரம் இருப்பதால் சமையல் மேடையில் இதற்கு வாய்ப்பு மிகுதி.

சிமெண்ட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பது இவ்வினையைக் குறைக்கும். கண்ணாடியை மிக நுண்ணிய தூளாக்கிச் சேர்த்தாலும் வினை குறைகிறது. குப்பிகளைக் கழுவிய பின்னரே உடைக்க வேண்டும். குளிர்பானத்தின் சர்க்கரை எஞ்சியிருந்தால் சிமெண்ட் இறுகுவது தாமதமாகும். குழல்விளக்குகளில் பாதரசமும், பழைய தொலைக்காட்சிப் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயமும் இருப்பதால் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

பராமரிப்பு

புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் சிமெண்ட்டையும் சலவைக்கல்லையும் அரிக்கும். கண்ணாடியை அது அரிப்பதில்லை. ஆதலால் கண்ணாடி கலந்த மேடையில் சுற்றியுள்ள சிமெண்ட் தேய்ந்து, துண்டுகள் மேலெழுந்து கைக்குத் தட்டுப்படும். மஞ்சளும் எண்ணெயும் சிமெண்ட்டின் நுண்துளைகளில் இறங்கிக் கறையாகும். துளையடைக்கும் பூச்சை அவ்வப்போது புதுப்பித்தால் கறை குறையும். பிசின் வகைகள் எளிதில் கறைபடுவதில்லை. ஆயினும் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் கருகும். தாள் வகையில் விழும் கத்திக் கீறலை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம்.

தூசியும் உடல்நலமும்

படிகச் சிலிக்காத் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் உண்டாகிறது. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. செயற்கைக் குவார்ட்சுப் பலகைகள் சிலவற்றில் படிகச் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளது. இவற்றை அறுத்த இளம் தொழிலாளர் பலர் நோயுற்றதை அடுத்து, ஆத்திரேலியா 2024 சூலை 1 முதல் இப்பலகைகளைத் தடை செய்தது.

மறுசுழற்சி என்ற பெயர் இத்தீங்கை நீக்குவதில்லை. கிரானைட் அறுக்கும் ஆலைகளின் கழிவுத்தூளைச் சேர்த்தால் அதிலுள்ள படிகச் சிலிக்காவும் உடன்சேர்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தைப் போல் கல்லரைக்கும் ஆலைகள் உள்ள பகுதிகளில் கிடைக்கும் கல்துகளுக்கும் இது பொருந்தும். சலவைக்கல்லில் இதன் அளவு மிகக் குறைவு. கண்ணாடியின் சிலிக்கா படிக வடிவில் இல்லாததால் அதன் தீங்கு குறைவு என்றாலும், அத்தூசியையும் சுவாசிக்கலாகாது.

எவ்வகைப் பலகையையும் உலர்ந்த நிலையில் அறுக்காமல் நீர் விட்டு அறுப்பதே முதன்மையான பாதுகாப்பு. மூக்கில் துணியைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டியுள்ள முகமூடி தேவை. அரைத்த சேற்றைக் காயவிட்டுப் பெருக்கினால் தூசி மீண்டும் எழும். ஆகவே அதனை ஈரமாகவே அள்ளி அகற்ற வேண்டும்.

சுற்றுச்சூழல் மதிப்பு

கழிவு நிலத்தில் கொட்டப்படாமல் காக்கப்படுவது இப்பரப்புகளின் நன்மை ஆகும். எனினும் உலகின் கார்பன்-டை-ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் உண்டாகிறது. பிசின்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுகின்றன. குப்பியை உருக்கி மீண்டும் குப்பியாக்கலாம். பலகையில் பதிந்த கண்ணாடியை அவ்வாறு பிரித்தெடுத்தல் அரிது. எனவே அருகில் கிடைக்கும் கழிவைக் கொண்டு செய்யப்பட்டு, நெடுங்காலம் உழைத்து, தேய்ந்தபின் மீண்டும் மெருகேற்றத்தக்க பரப்பே மிகுந்த பயன் தருகிறது. பழைய மொசைக் தரைகளையும் மேடைகளையும் உடைத்து அகற்றாமல் மீண்டும் அரைத்து மெருகேற்றுவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு ஆகும்.