ரெண்டு கண்ணும் ஸ்க்ரீன்ல இருந்தா... விமானம் மரவள்ளிக் காட்டுல!

உங்க ஊர் மேல பருந்து வட்டமடிக்கும்போது, 'அதுக்கு நம்ம ஊர் எப்படித் தெரியும்?'னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சேன். போன லீவுக்கு அரூர் வந்தப்ப, என் ரிமோட் விமானத்துல கேமராவையும் மாட்டிட்டேன். அப்புறம் நடந்தது... கடைசியில சொல்றேன். முதல்ல மேட்டர்!

என்னென்ன வேணும்?

கட்டை விரல் நகம் சைஸுக்கு ஒரு கேமரா, அது பிடிக்கிற படத்தை ரேடியோ அலையா அனுப்ப ஒரு வீடியோ டிரான்ஸ்மிட்டர், கீழே அதை வாங்கிக்க ரிசீவர், பார்க்க ஸ்க்ரீன் இல்லேன்னா காகிள்ஸ். அவ்ளோதான்! ரிமோட் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசும். அதனால வீடியோவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் எடுத்துக்கங்க. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும்.

உஷார்! ஆன்டெனா மாட்டாம டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணாதீங்க, கருகிடும். தரையில ரொம்ப நேரம் ஓடவும் விடாதீங்க. பறக்கும்போது அடிக்கிற காத்துதான் அதுக்கு ஃபேன்!

எங்கே வைக்கணும்?

கேமரா மூக்குல உட்கார்ந்தா விமானம் முன்னால சாயும். பேட்டரியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. சாதாரண நேர் இறக்கைன்னா, முன் விளிம்புல இருந்து இறக்கை அகலத்துல 25-30 சதவீதம் தள்ளி, ரெண்டு விரலால தூக்கிப் பாருங்க. சாயாம நின்னா ஓகே. டிரான்ஸ்மிட்டரும் ரிமோட்டோட ரிசீவரும் பக்கத்துல பக்கத்துல வேண்டாம்.

பெரிய ஆளுங்களுக்கே...

இது விளையாட்டு மட்டும் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி-யோட 'தக்‌ஷா' டீம், 2012-ல அமெரிக்காவோட 'டார்பா' நடத்தின யு.ஏ.வி. ஃபோர்ஜ் போட்டி ஃபைனல் வரைக்கும் போச்சு. கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் குட்டி விமானத்தை அனுப்பி, அங்கிருந்து வீடியோ எடுத்துட்டுத் திரும்பி வரணும். ஃபைனலுக்கு வந்த 9 டீம்ல ஒண்ணுகூட முழுசா முடிக்கலை! பரிசு 1 லட்சம் டாலர் யாருக்கும் போகலை. அசரலையே நம்மாளுங்க... 2018-ல ஆஸ்திரேலியாவுல நடந்த யு.ஏ.வி. சேலஞ்ச்ல, அஜித் ஆலோசகரா இருந்த அதே தக்‌ஷாவுக்கு ரெண்டாவது இடம்!

என் கதை

இப்ப என் ஃப்ளாஷ்பேக். காகிள்ஸ்ல ஊரே அழகா தெரிஞ்சது. விமானம் தென்னை மரங்களுக்குப் பின்னால திரும்பிச்சு. 5.8 அலைக்கு மரம்னாலே அலர்ஜி. படம் முழுக்க புள்ளி... அப்புறம் இருட்டு. காகிள்ஸைக் கழட்டினா கண்ணு கூசுது. விமானம் எங்கேன்னே தெரியலை. துணைக்கு வந்த ஃப்ரெண்டைக் கேட்டா, அவனும் பக்கத்து ஸ்க்ரீனைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கான்!

மரவள்ளிக் காட்டுல விழுந்து கிடந்தது. பத்தடி தள்ளி ஒரு அக்கா களை எடுத்துட்டு இருந்தாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அவங்க திட்டலை. உடைஞ்ச இறக்கையை எடுத்துக் கொடுத்துட்டு, "ஏந்தம்பி, வானத்துல உடுற பொருள வானத்தப் பாத்துதான உடணும்?"னு கேட்டாங்க.

அப்புறம் படிச்சா, 2021 டிரோன் விதிகளும் அதையேதான் சொல்லுது! படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காக, 25 கிலோவுக்கு மிகாம, கண் பார்வைக்குள்ள பறக்கிறதுதான் மாடல் விமானம். சிவப்பு ஏரியாவுல அனுமதி இல்லாம பறக்கவே கூடாது. பதிவு, அனுமதி சமாச்சாரத்தை முதல்லயே பார்த்துடுங்க.

ஸோ... கேமரா, டிரான்ஸ்மிட்டர் எல்லாம் கடையில கிடைக்கும். ஸ்க்ரீனைப் பார்க்கணும்னு கை பரபரத்தாலும், உங்களுக்காக வானத்தை மட்டுமே பார்த்துட்டு நிக்கிற ஒரு ஃப்ரெண்ட் கிடைக்க மாட்டான். முதல்ல அவனைப் பிடிங்க. அப்புறம் கேமரா வாங்கலாம்!