கான்பூர் கொடுமையும் நீல் துரை சிலையும்

இராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. 1856 ஜூன் மாதம் அதைத் திறந்து வைத்தவர் சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு. அவர் காலத்தில் நடந்த வேறு இரண்டு சங்கதிகளைப் பலர் அறியார். இரண்டும் சித்திரவதையைப் பற்றியவை.

முதலாவது, 1855-ல் வெளிவந்த ஒரு விசாரணைக் கமிஷனின் அறிக்கை. வரி வசூலிக்கக் கம்பெனி சர்க்காரின் சிப்பந்திகள் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று சென்னைப் பிரமுகர் காசுலு லட்சுமிநரசு செட்டி இடைவிடாது முழங்கினார். பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் பேச்சு எழுந்தது. மூவர் கமிஷன் உட்கார்ந்தது. வந்து குவிந்த புகார்கள் 1,959!

கிட்டி என்பது இரண்டு கட்டைகள். நடுவில் விரலை வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் பிணைத்து, ஆளைக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. இவை நடப்பது மெய்தான் என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. ஆனால் பழியையெல்லாம் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் போட்டது. கிட்டி போட்ட கை நம்மவர் கை என்பதை மறுப்பதற்கில்லை. வசூலான பணம் யார் பெட்டிக்குப் போயிற்று என்பதையும் கேட்க வேண்டுமல்லவா?

நீல் புறப்பட்டான்

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1857 மே மாதம் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜேம்ஸ் நீல் என்ற தளபதி, சென்னையின் ஐரோப்பியப் பட்டாளத்துடன் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினான். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிப் போக வேண்டும். துடுப்புப் போட்டவர்கள் இராயபுரம் போன்ற கரையோரக் குப்பங்களின் மக்கள்.

அலகாபாத்தில் நீல் கிராமங்களைக் கொளுத்தினான். பிறகு கான்பூர் போய்ச் சேர்ந்தான். அங்கே ஜூலை 15-ந் தேதி, பீபிகர் என்ற வீட்டில் சிறை வைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய இருநூறு வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். அது மகாபாதகம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

நீல் என்ன செய்தான்? பிடிபட்ட கைதிகளைத் தூக்கிலிடுவதற்கு முன், அந்த வீட்டில் உறைந்து கிடந்த இரத்தத்தைத் துடைக்கச் சொன்னான். மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்து, நாவினால் நக்க வைத்தான். ஜாதியும் மதமும் கெட்டு, மறுமையும் இல்லாமல் சாக வேண்டும் என்பதே நோக்கம். இது விசித்திரமான சட்டந்தான், ஆனால் சமயத்துக்கு ஏற்றது என்று அவனே கடிதத்தில் எழுதினான். அந்தக் கைதிகளில் எத்தனை பேருக்குப் பீபிகர் கொலையில் பங்கு இருந்தது என்பதைப் பற்றி அவன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளையரில் இரு கட்சி

வெள்ளையர் எல்லோரும் இதற்குத் தலையாட்டவில்லை. நவம்பரில் கான்பூர் வந்த பிரதம தளபதி காலின் காம்ப்பெல், கிறிஸ்தவ அரசாங்கத்துக்கு இது தகாது என்று சொல்லி உத்தரவை நிறுத்தினார். லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் ரஸ்ஸல், மனத்தை வதைக்கும் இந்த முறைகளைக் கண்டித்து எழுதினார். விசாரணையின்றித் தண்டிக்காதீர்கள் என்ற கவர்னர் ஜெனரல் கானிங்குக்கோ, "கருணைக் கானிங்" என்ற கேலிப் பெயர்தான் கிடைத்தது! கார்ல் மார்க்ஸ் ஒரு படி மேலே போனார். நம் சென்னைக் கமிஷன் அறிக்கையையே எடுத்து வைத்துக்கொண்டு, இப்படி வதைத்தவர்களை ஜனங்கள் விரட்ட முயன்றால் தவறா என்று நியூயார்க் பத்திரிகையில் கேட்டார். அது வெளியானது 1857 செப்டம்பர் 17. எட்டு நாள் கழித்து லட்சுமணபுரிச் சண்டையில் குண்டு பட்டு நீல் மாண்டான்.

வீரன் என்று கொண்டாடி அவனுக்குச் சென்னை மவுண்ட்ரோட்டில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சித்திரவதையை விசாரித்து அறிக்கை போட்ட அதே ஊரில்!

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அச்சிலை அசையாமல் நின்றது. 1927-ல் வந்தது சத்தியாக்கிரகம். சோமயாஜுலு முன்னின்றார். தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் கொண்டு சிலையைத் தாக்கிச் சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலையம்மாளும் சிறை புகுந்தார். அப்போது சென்னை வந்திருந்த காந்திஜியைச் சந்தித்து, போராட்டத்தைத் தொடர அனுமதி கேட்டவர்களில் விருதுநகர் இளைஞர் காமராஜரும் ஒருவர். போராட்டம் நியாயமானது, ஆனால் பலாத்காரம் கூடாது என்பது காந்திஜியின் நிபந்தனை. கொடுமைக்காரனின் சிலையை எடுக்கும்போதும் கை ஓங்கக் கூடாது என்றால், இளைஞர்களுக்கு அது எத்தனை கசந்திருக்கும்!

சிலை உடனே நகரவில்லை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை ஏற்பட்ட பிறகுதான் மவுண்ட்ரோட்டை விட்டு அகற்றப்பட்டது. உடைக்கவில்லை, உருக்கவுமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.